கொள்ளிடத்தில் ஒரு ராத்திரி

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாததில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. எங்க ஊர்ப்பக்கம் ஓடுற வெள்ளாறு வருஷத்தில் பாதி நாள் மணல்தான். விருத்தாசலத்திலிருந்து வரும் மணிமுத்தாறு கூடலையாத்தூர் பக்கத்தில் வெள்ளாற்றோடு சேரும். அங்கே போய் பார்த்தாலும் கோடையில் ரெண்டு மணல் ஒண்ணா சேர்ற மாதிரிதான் இருக்கும். தண்ணிக்குள்ளே மூழ்கின பூமியைத் தூக்கி வந்த வராகப் பெருமாள் எங்க ஊர் சாமி. அவரே வருஷத்துக்கு ஒரு தடவை மாசி மகத்துக்கு கிள்ளை கடற்கரைக்குக் கிளம்பிப் போய்த்தான் தீர்த்தவாரி நடத்துறார். அப்புறம் நான் எம்மாத்திரம்?

அப்படிப்பட்ட நான், 2024 பொங்கல் லீவில் ஒரு ராத்திரி முழுக்கப் படகில் உட்கார்ந்து முதலை பார்த்தேன். கூடப் படிக்கிறவங்க யாரும் நம்பலை. "செராமிக் படிக்கிறவன் முதலை பொம்மை பார்த்திருப்பான்"னு ஓட்டினாங்க. அதனால விவரமா எழுதிடறேன்.

ஆசை வந்த கதை இது. என் சித்தப்பா பையன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். போர்னியோ தீவில் சபா மாநிலத்தில் கினபத்தாங்கான்னு ஒரு ஆறு. அங்கே ராத்திரியில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிட்டுப் போய் மிருகங்களைக் காட்டுறாங்க. அவன் எடுத்த வீடியோவில் ஒரு மீன்கொத்தி கிளையில் பந்து மாதிரி சுருண்டு தூங்குது. படகு பக்கத்தில் போனாலும் அது அசையவே இல்லை. அப்புறம் டார்ச்சைத் தண்ணிப் பக்கம் திருப்பினதும் ரெண்டு சிவப்புப் பொட்டு. "முதலைடா!"ன்னு இவன் கத்துறான், பின்னால வெள்ளைக்காரங்க எல்லாம் "ஊ"ன்னு சத்தம் போடுறாங்க. கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்க இதே மாதிரி ராத்திரிப் படகு இருக்காம். அமேசான் ஆற்றிலும், ஆஸ்திரேலியாவின் வடக்குப் பக்கத்திலும் முதலை காட்டுறதே ஒரு தொழில். காசு கொடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு, போட்டோ எடுத்துட்டு வரலாம்.

அதைப் பார்த்தப்பதான் மண்டையில் பல்ப் எரிஞ்சது. எங்க அத்தை வீட்டு வாசலில் இருந்து நடந்தா அஞ்சு நிமிஷத்தில் பழைய கொள்ளிடம். அங்கே முதலை இருக்குன்னு பேப்பரில் எத்தனை தடவை படிச்சிருக்கோம்! சிதம்பரம் வட்டாரத்தில் அந்த ஆத்தங்கரை ஊர்களில் முதலை வந்தது, வனத்துறை பிடிச்சது, வக்காரமாரி ஏரியில் விட்டதுன்னு வருஷத்துக்குப் பல தடவை செய்தி வரும். கினபத்தாங்கானுக்குப் போக பாஸ்போர்ட் வேணும். எனக்கு சேத்தியாத்தோப்பு வழியா போற சிதம்பரம் பஸ் போதும்.

அத்தை ஊர் பேரை இங்கே எழுதப் போறதில்லை. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

*

எங்க மாமா (அத்தை வீட்டுக்காரர்) பகலில் நடவு, அறுப்புன்னு கூலி வேலைக்குப் போவார். ராத்திரி ஆத்தில் வலை கட்டுவார். ஒரு சின்ன பைபர் படகு. ஒரு மூங்கில் கழி, ஒரு துடுப்பு, தலையில் கட்டிக்கிற டார்ச். அவ்வளவுதான் அவர் சொத்து.

ஜனவரி 13, சனிக்கிழமை போய் இறங்கினேன். அன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிச்சுட்டேன்.

"மாமா, நாளைக்கு ராத்திரி நானும் வரேன். முதலை பார்க்கணும்."

மாமா சிரிச்சார். அத்தை சிரிக்கலை.

"அதப் பாக்க என்னடா இருக்கு?"ன்னு கேட்டுட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாங்க.

நான் இங்கே ஒண்ணைச் சொல்லியாகணும். அத்தைக்கு இடது கெண்டைக்காலில் ஒரு பெரிய தழும்பு இருக்கு. 2020-ல் ஒரு நாள் காலையில் துறையில் பாத்திரம் கழுவிட்டு இருந்தப்ப முதலை பிடிச்சது. முழங்கால் அளவுத் தண்ணிதான். ஒரு சத்தமும் இல்லையாம், ஒரு அலையும் இல்லையாம். அத்தை கையில் இருந்த குண்டானால் அதன் மூஞ்சியில் அடிச்சு அடிச்சு, அது ஒரு நொடி விட்டதும் கரையில் விழுந்திருக்காங்க. இன்னிக்கும் படி ஏறினா வலது காலைத்தான் முதல்ல வைப்பாங்க. ஊரில் யாராவது "பெருமாள்தான் காப்பாத்தினார்"னு சொன்னா, "யானைக்கு வேணா பெருமாள் வருவாரு. எனக்கு வந்தது என் குண்டான்தான்"னு சொல்வாங்க. அந்தக் குண்டான் இன்னும் வீட்டில் இருக்கு, நசுங்கின வாயோட. அதில்தான் மாட்டுக்குத் தவிடு கலக்கிறாங்க.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் அத்தை முன்னாடியே போய் "முதலை பார்க்கணும்"னு கேட்டேன் பாருங்க. அந்த நேரத்தில் எனக்கு அது தப்பாவே தோணலை. வீடியோ ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

*

போகி அன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பினோம். அமாவாசை முடிஞ்சு மூணாம் நாள், பிறையும் மறைஞ்சிடுச்சு. மாமா சொன்னார், "நிலா இருந்தா ஒண்ணும் தெரியாது. இருட்டுதான் நல்லது. மீனுக்கும் சரி, அதுக்கும் சரி." மாமா கடைசி வரைக்கும் முதலைன்னு சொல்லவே இல்லை. "அது"தான்.

மழைக்காலம் முடிஞ்ச நேரம்கிறதால ஆத்தில் தண்ணி நிறைய இருந்தது. பழைய கொள்ளிடம்னா கொள்ளிடத்தோட பழைய தடம். வெள்ளம் வந்தா பெரிய ஆத்துத் தண்ணி இதிலும் ஏறும், மத்த நாளில் கடல் ஏத்தம் இறக்கத்துக்கு ஏத்தபடி மெதுவா ஊறும். அசையுதா நிக்குதான்னே தெரியாத கறுப்புத் தண்ணி. ரெண்டு கரையிலும் நாணலும் வேலிக்காத்தானும்.

கொஞ்ச தூரம் போனதும் நான் என் செல்போன் டார்ச்சை ஆன் பண்ணி நெஞ்சுக்கு நேரா பிடிச்சு நாலா பக்கமும் அடிச்சேன். ஒண்ணும் இல்லை.

"மாமா, ஒண்ணுமே காணோமே?"

"எனக்கு மூணு தெரியுதே"ன்னார்.

தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் அவரே விளக்கினார். "லைட்ட கண்ணுக்குப் பக்கத்துல வைடா. வயித்துல வச்சா வயித்துக்குத்தான் தெரியும்."

சும்மா சொல்லலை, அதில் அறிவியல் இருக்குன்னு வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் புரிஞ்சது. முதலையோட விழித்திரைக்குப் பின்னால ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கு. டபீட்டம் லூசிடம்னு பேர். குவானின் படிகங்களால ஆனது. கண்ணுக்குள் போன வெளிச்சம் ஒரு தடவை விழித்திரையைத் தாண்டும்போது கொஞ்சம் பயன்படும், படலத்தில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு தடவை பயன்படும். அதனாலதான் கொஞ்ச வெளிச்சத்திலும் அதுக்குக் கண் தெரியுது. மிச்ச வெளிச்சம் வந்த வழியிலேயே திரும்பிப் போகும், சைக்கிள் பின்னாடி இருக்கிற ரிஃப்ளெக்டர் மாதிரி. அதாவது டார்ச் எங்கே இருக்கோ அங்கேதான் திரும்பி வரும். டார்ச் நெஞ்சில் இருந்து கண் மேலே இருந்தா, வெளிச்சம் நெஞ்சுக்குப் போய்டும். மாமா சொன்னது நூத்துக்கு நூறு சரி! முதலைக் கணக்கெடுப்பு நடத்துறவங்களும் இப்படித்தான் ராத்திரியில் டார்ச் வச்சு கண்ணை எண்ணுறாங்க.

நெத்திக்கு நேரா பிடிச்சேன். அப்பத்தான் ஆறு வேற ஆறா மாறிச்சு.

கரை ஓரப் புல்லில் பச்சையா, வெள்ளையா ஊசிமுனை மாதிரி நூத்துக்கணக்கில் புள்ளிகள். பனித்துளின்னு நினைச்சேன். "சிலந்திடா"ன்னார் மாமா. அதுக்கும் கண் மின்னுமாம். தவளைக்கும் மின்னும். ஒரு மரக்கிளையில் வக்கா ரெண்டு உட்கார்ந்திருந்தது. பகலெல்லாம் தூங்கிட்டு ராத்திரி மீன் பிடிக்கிற கொக்கு அது. எங்களைப் பார்த்து "வக்"னு ஒரு சத்தம் போட்டுட்டுப் பறந்தது. பேரைத் தானே சொல்லிட்டுப் போகுது போலன்னு நினைச்சுக்கிட்டேன். தூரத்தில் வயல் பக்கம் நரி ஊளை. கினபத்தாங்கான் வீடியோவில் வந்த மாதிரியே ஒரு மீன்கொத்தியும் நாணல் தட்டையில் தூங்கிட்டு இருந்தது. அதே சுருண்ட பந்து. பாஸ்போர்ட் இல்லாமலே பார்த்தாச்சுன்னு உள்ளுக்குள்ளே குஷி.

அப்புறம், தண்ணி மட்டத்தில், முப்பது நாப்பது அடி தூரத்தில், ரெண்டு பொட்டு.

சிவப்புன்னு சொல்றதா, ஆரஞ்சுன்னு சொல்றதா? சூளையில் பீங்கான் வேகும்போது பார்க்கிற ஓட்டை வழியா உள்ளே தெரியுமே, அந்த நிறம். சுத்தி அவ்வளவு கறுப்பு, நடுவில் அந்த ரெண்டு மட்டும் எரியுது. சிமிட்டலை. நகரலை. மாமா கழியை மெதுவா ஊன்றி நிறுத்தினார். நான் போனை எடுத்து வீடியோ எடுத்தேன். (இப்போ போட்டுப் பார்த்தா கறுப்புத் திரையில் ரெண்டு புள்ளி, பின்னணியில் என் மூச்சுச் சத்தம். அவ்வளவுதான். யார்கிட்ட காட்டினாலும் "இது பைக் இண்டிகேட்டரா?"ன்னு கேட்கிறாங்க.)

"எவ்ளோ பெருசு மாமா?"

"ஒம்போது அடி இருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பகல்ல பாத்திருக்கேன். குளிருக்கு அந்தத் திட்டுல ஏறி வெயில் காயும்."

பொட்டு ரெண்டும் ஒண்ணாச்சு, அப்புறம் அணைஞ்சது. முதலை தலையைத் திருப்பி இருக்கு, அப்புறம் முங்கி இருக்கு. அது எங்கே முங்கிச்சுன்னு தெரியும், எங்கே எழும்னு தெரியாது. படகோட விளிம்பு தண்ணியில் இருந்து முக்கால் அடி கூட இல்லை. குஷி எல்லாம் அந்த நிமிஷத்தில் போயிடுச்சு. கையைப் படகுக்குள்ளே இழுத்துக்கிட்டேன். முழங்கால் அளவுத் தண்ணி, சத்தமும் இல்லை, அலையும் இல்லைன்னு அத்தை சொன்னது அப்பத்தான் எனக்கு அர்த்தமாச்சு.

*

இந்த இடத்தில் முதலையைப் பத்தி நான் படிச்சதைக் கொஞ்சம் சொல்றேன்.

நம்ம ஆறு குளங்களில் இருக்கிறது சதுப்புநில முதலை. நல்ல தண்ணியில் வாழும், கொஞ்சம் உப்பையும் தாங்கும். தோலுக்காக வேட்டையாடி, முட்டையைத் தோண்டி எடுத்து, 1970-கள் வாக்கில் இந்தியா முழுக்க முதலை இனங்களே அழியுற நிலைமை. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் சேர்த்தாங்க, அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே இதுக்கும். 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை ஆரம்பிச்சார். சாத்தனூர், அமராவதி அணைகளிலும் முதலை வளர்த்தாங்க.

முதலைக்கு மூளை கம்மின்னு நினைக்காதீங்க. கொக்கு, நாரை கூடு கட்டுற சமயத்தில் மூக்கு மேலே குச்சியை வச்சுக்கிட்டு அசையாம கிடக்குமாம். குச்சி பொறுக்க வர்ற பறவையைப் பிடிக்கிறதுக்கு! வடநெம்மேலி முதலைகள் இப்படிச் செய்றதைக் கவனிச்சு 2013-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கு.

கொள்ளிடத்துக்கு முதலை எங்கிருந்து வந்தது? மேலே அணைக்கரையில் முதலை இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். வெள்ளத்தில் அங்கிருந்து அடிச்சுட்டு வந்ததுன்னு அத்தை ஊரில் சொல்றாங்க. ஆனா ஒண்ணு, கொள்ளிடக் கரையில் சீர்காழிப் பக்கம் முதலைமேடுன்னே ஒரு ஊர் இருக்கு. பேரைப் பார்த்தா இது நேத்து வந்த விருந்தாளி மாதிரி தெரியலை. நாம ஆத்துக்குப் போக ஆரம்பிச்ச காலத்திலேயே அதுவும் அங்கே இருந்திருக்கும்.

அதுக்காக ஊர்க்காரங்க பயத்தை யாரும் தப்பு சொல்ல முடியாது. அந்தக் கரையில் உயிர்கள் போயிருக்கு, ஆடு மாடு போயிருக்கு. முதலைகளை எல்லாம் பிடிச்சு ஒரு பண்ணை அமைச்சு அதில் விடணும்னு அந்த மக்கள் பல வருஷமா கேட்கிறாங்க. வீட்டுக்கு உள்ளே குழாய் இருக்கிற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு "இயற்கையோடு இணைந்து வாழணும்"னு சொல்றது ரொம்ப சுலபம்.

*

சரி, படகுக்கு வருவோம்.

திரும்பி வரும்போது மணி ரெண்டு இருக்கும். வலையில் கொஞ்சம் கெண்டை, கொஞ்சம் ஜிலேபி. ஊருக்கு ரெண்டு துறை. கீழத்துறையில்தான் அத்தையை முதலை பிடிச்சது, அங்கே இப்ப யாரும் இறங்கறதில்லை. மேலத்துறை பத்திரமான துறை. இது வரைக்கும் அங்கே யாரும் "அதை"ப் பார்த்ததில்லை. பெண்கள் துணி துவைக்கிறது, பிள்ளைங்க குளிக்கிறது எல்லாம் அங்கேதான்.

மேலத்துறையை நெருங்கும்போது மாமா சட்டுனு கழியை நிறுத்தினார். துறைக்குப் பத்து பதினைஞ்சு அடி தள்ளி நாணல் ஓரத்தில், சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளிகள். சிலந்தி இல்லை, நிறம் வேற. எண்ணினேன். பதினொண்ணு.

"குட்டிங்க"ன்னார் மாமா. குரல் ரொம்ப இறங்கிப் போச்சு.

ஒவ்வொண்ணும் ஒரு முழம் இருக்கும். டார்ச் பட்டதும் சிலது கீச்சுனு சத்தம் போட்டது, கோழிக்குஞ்சு மாதிரி. ரொம்ப அழகா இருந்ததுன்னு சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா இருந்தது. மாமா அதைப் பார்க்கலை. டார்ச்சை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வீசிட்டே இருந்தார். அப்புறம் துறைப்படிக்கு நேர் எதிரே, அசையாம, பெரிய பொட்டு ரெண்டு.

தாய் முதலை கோடையில் மணலில் முட்டை போடும். ரெண்டு மாசம் கழிச்சு குட்டிங்க உள்ளே இருந்து குரல் கொடுத்ததும் குழியைத் தோண்டி, வாயில் கவ்வி எடுத்து வந்து தண்ணியில் விடும். அதுக்கப்புறம் பல மாசம் பக்கத்திலேயே காவல் இருக்கும். இதெல்லாம் நான் பிறகு படிச்சது. மாமா ஒரே வரியில் சொன்னார். "தாய் இங்கதான் இருக்கு. எங்கயும் போவாது."

கரை ஏறினதும் என் கையைப் பிடிச்சார். "மாப்ள, வீட்ல சொல்லாத. பொங்கல் முடியட்டும், நானே பக்குவமா சொல்றேன். இப்ப சொன்னா பசங்க கம்பத் தூக்கினு வந்து குட்டிங்கள அடிச்சுப் போட்டுருவானுங்க. உங்க அத்த என்னை ஆத்துப் பக்கமே விடமாட்டா. வலை கட்டலன்னா வீடு என்ன ஆவும்?"

சரின்னு தலையாட்டினேன். ரெண்டு காரணமும் எனக்கு நியாயமாத்தான் பட்டது.

பொங்கல் அன்னிக்கு முழுக்க வாயை மூடிட்டு இருந்தேன். யாரும் ஆத்துக்குப் போகலை, பிரச்சினையும் இல்லை. அத்தை ஒரு தடவை கேட்டாங்க, "என்ன பாத்த?" நான், "ஒண்ணு பார்த்தேன் அத்தை, தூரத்தில்"னு சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனா கரும்பு கடிக்கும்போது கூட அந்தப் பொட்டு ரெண்டும் துறைப்படிக்கு எதிரே இருந்தது கண்ணில் நின்னுச்சு.

மாட்டுப் பொங்கல் காலையில் மாமா மாட்டுக்கு மாலை, மணி, கொம்புக்குப் பெயிண்ட் வாங்க சிதம்பரம் போயிட்டார். ஏழு மணிக்கு அத்தை பொண்ணு, ஏழாவது படிக்கிறா, கன்னுக்குட்டியை அவிழ்த்துட்டு வாசலில் வந்து நின்னா. கூடவே தெருப் பிள்ளைங்க நாலஞ்சு பேர், ஆளுக்கு ஒரு மாடு.

"எங்க பாப்பா போற?"

"மேலத்துறைக்கு. மாடு குளிப்பாட்ட."

மாமாவுக்கு போன் போட்டேன். எடுக்கலை. பஸ்ஸில் இருப்பார். இன்னொரு தடவை போட்டேன். எடுக்கலை. பிள்ளைங்க தெருமுனை தாண்டிட்டாங்க.

இங்கே நான் ரொம்ப யோசிச்சேன்னு எழுதினா அது பொய். ஓடிப் போய் கன்னுக்குட்டி கயிற்றைப் பிடிச்சேன், அப்புறம் திரும்பி வந்து அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அத்தை கத்தலை. அழலை. மூணு கேள்வி கேட்டாங்க. "எந்த இடம்? எத்தன? தாய் எந்தப் பக்கம் பாத்துனு இருந்துச்சு?" நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிட்டு, அந்தக் காலை வச்சுக்கிட்டு, வீடு வீடா போனாங்க. அரை மணி நேரத்தில் ஒரு ஆள் கூட மேலத்துறையில் இல்லை. அந்த வருஷம் மாடெல்லாம் வயலில் போர்செட் தண்ணியில்தான் குளிச்சது.

மாமா வந்தார். விஷயம் தெருவிலேயே அவருக்குக் கிடைச்சிடுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துட்டே, "பாப்பாவா போனா?"ன்னு கேட்டார்.

"ஆமா மாமா."

"ம்." கொஞ்ச நேரம் கழிச்சு, "நானே சொல்லியிருக்கணும்"னார்.

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. மாமா சொன்ன மாதிரி பசங்க கம்பை எடுத்துட்டுப் போயிருப்பாங்களோன்னு. அத்தைகிட்ட மெதுவா கேட்டேன்.

"குட்டி கதைய நான் யாருக்கும் சொல்லல. பெருசு ஒண்ணு நிக்குதுன்னுதான் சொன்னேன். அதுக்கே ஓடிட்டாளுங்க." தவிடு கலக்கிட்டே, என்னைப் பார்க்காமலே சொன்னாங்க. "அதுங்க என்னை என்ன பண்ணுச்சு? பண்ணது வேற ஒண்ணு."

நான் வாயடைச்சுப் போய் நின்னேன். அவங்க கையில் இருந்தது அந்த நசுங்கின குண்டான்.

*

இலங்கையில் மாத்தறை பக்கம் நில்வளா ஆத்தில் முதலைத் தொல்லை அதிகம். அங்கே குளிக்கிற துறையைச் சுத்தி தண்ணிக்குள்ளேயே வேலி போட்டு வச்சிருக்காங்க. சிங்களத்தில் 'கிம்புல் கொட்டுவ'ன்னு பேர். முதலைக் கோட்டைன்னு வச்சுக்கலாம். முன்னாடி மரக்கம்பு, இப்போ இரும்பு. மனுஷன் உள்ளே, முதலை வெளியே. நான் இதைப் படிச்சதும் மாமாவுக்கு போனில் சொன்னேன். "அத நாங்க அப்பவே பண்ணிட்டம்டா"ன்னார். பொங்கல் முடிஞ்ச வாரமே மூங்கில் ஊன்றி, வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, மேலத்துறையில் அரைவட்டமா அடைச்சிருக்காங்க. அதுக்குள்ளே மட்டும் துணி துவைக்கிறாங்க. முதல் ஆளா முள் வெட்டப் போனது அத்தையாம்.

இன்னொரு மாற்றம். மாமா இப்பல்லாம் ராத்திரி வலை கட்டிட்டு வந்ததும் அத்தையை எழுப்பி, எந்த இடத்தில் எத்தனை கண் பார்த்தார்னு சொல்லிட்டுத்தான் படுக்கிறார். விடியறதுக்குள்ளே அது தெரு முழுக்கப் போயிடும். மலேசியாவில் காசு கொடுத்து என் தம்பி பார்த்ததும் அதே மாதிரி ரெண்டு பொட்டுதான். அவன் "ஊ"ன்னு கத்திட்டு ஹோட்டலுக்குப் போய்த் தூங்கினான். இங்கே அதே பொட்டை எண்ணிச் சொன்னா, மறுநாள் காலையில் யாரோ ஒருத்தங்க ஒரு படி மேலேயே உட்கார்ந்து பாத்திரம் கழுவுவாங்க. நான் எண்ணினதை ஒரு நாள் முழுக்க மறைச்சு வச்சிருந்தேன். அதை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

2024 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. அதுக்கப்புறம் அந்த நாணல் ஓரத்தில் குட்டி எதையும் பார்க்கலைன்னு மாமா சொன்னார். எங்கே போச்சோ, எத்தனை பிழைச்சதோ. பதினொண்ணில் ஒண்ணு ரெண்டு வளர்ந்தாலே அதிகம். பறவையும் பெரிய மீனும் உடும்பும் விட்டு வைக்காது.

ஊர் பேரை ஏன் எழுதலைன்னு இப்போ புரிஞ்சிருக்கும். அத்தை ஊரில் யாருக்கும் சொல்லாத கதை இது. "நீயும் எங்கயும் சொல்லாத"ன்னாங்க. பாதி மீறிட்டேன். மீதிப் பாதியையாவது காப்பாத்தணும் இல்லையா?

அடுத்த பொங்கலுக்குள்ளே நீச்சல் கத்துக்கணும். வெள்ளாத்தில் தண்ணி வந்தா ஆரம்பிக்கலாம் :-)